ரொட்டிக் காசில் எழுந்த அரங்கம்

பெல்ஜியத்தின் கெண்ட் நகரில், பல்கலைக்கழகத்தின் தலைமை அலுவலகம் இருக்கும் அதே தெருவில், பெரியதொரு கலையரங்கம் நிற்கிறது. 1911க்கும் 1914க்கும் இடையில் கட்டப்பட்டது. நாடக அரங்கு, கச்சேரி மண்டபம், நடன மண்டபம், காபிக்கடை என்று உள்ளே போகப் போக விரிந்துகொண்டே இருக்கும். நகராட்சி கட்டியிருக்கும், இல்லையென்றால் யாரோ ஒரு ஆலை முதலாளி தன் பெயர் நிலைக்கக் கட்டிவைத்திருப்பார் என்றுதான் பார்ப்பவர் நினைப்பார். கட்டியது ஒரு ரொட்டிக் கூட்டுறவுச் சங்கம். ‘முன்னே’ என்று பொருள்படும் வோரைட் என்பது அதன் பெயர். உறுப்பினர்களில் பெரும்பாலோர் அந்நகரின் பஞ்சாலைகளிலும் லினன் ஆலைகளிலும் உழைத்தவர்கள். ரொட்டி சுட்டு விற்கும் சங்கத்துக்கு நடன மண்டபம் எதற்கு? வியாபாரம் செழித்தது, மிஞ்சிய பணத்தில் கேளிக்கைக்கு இடம் கட்டினார்கள் என்பதே பொதுவாகக் கிடைக்கும் விடை. வயிறு நிறைந்த பிறகு பாட்டு என்ற இந்த வரிசை இயல்பானதாகத் தோன்றலாம். ஆனால் கெண்ட் நகரின் கதை இந்த வரிசையில் நடக்கவில்லை. பாட்டும் கூத்தும் அங்கே உபரியின் செலவுக் கணக்கில் எழுதப்பட வேண்டியவை மட்டுமல்ல. அந்த உபரி வருடா வருடம் தொடர்ந்து வந்ததற்கே அவையும் ஒரு காரணம் என்பது என் கட்சி.

அந்த ஊரின் நிலையை முதலில் பார்த்துவிட வேண்டும். 19ஆம் நூற்றாண்டு பிறக்கும் தறுவாயில் லீவென் பவென்ஸ் என்பவர் இங்கிலாந்திலிருந்து நூற்பு இயந்திரங்களைக் கடத்திக்கொண்டுவந்தார். அதிலிருந்து கெண்ட் ஆலை நகரமாயிற்று. 12 வயது நிரம்பாத பிள்ளைகளை ஆலை வேலைக்கு எடுக்கக் கூடாது என்று பெல்ஜியத்தில் சட்டம் வந்ததே 1889ல்தான். 1893 வரை சொத்தில்லாத தொழிலாளிக்கு நாடாளுமன்றத் தேர்தலில் வாக்கில்லை; அதன் பிறகும் சொத்தும் படிப்பும் உள்ளவர்களுக்குக் கூடுதல் வாக்குகள் இருந்தன. கூலியின் பெரும்பகுதி உணவுக்குப் போனது, உணவில் பெரும்பகுதி ரொட்டிக்கு. ரொட்டியின் விலை அரைக்காசு ஏறினாலும் அது குடும்பத்தின் அரசியல் ஆகிவிடும். இந்தச் சூழலில் 1873ல் ‘சுதந்திர ரொட்டிக்காரர்கள்’ என்ற கூட்டுறவுச் சங்கம் அங்கே பிறந்தது. நல்ல ரொட்டி, சரியான எடை, நியாயமான விலை என்ற அளவில் அது தன் வேலையைச் செய்தது. ஆனால் சங்கத்தின் பணமும் இடமும் ரொட்டிக்கு மட்டுமா, தொழிலாளர் இயக்கத்துக்குமா என்ற கேள்வி எழுந்தபோது பிளவு வந்தது. ரொட்டி மட்டும் போதாது என்றவர்கள் 1880ல் வெளியேறி வோரைட்டைத் தொடங்கினார்கள். நெசவாளர் சங்கம் கொடுத்த கடன்தான் அவர்களுடைய முதல். அவர்களை நடத்தியவர் எட்வார்ட் ஆன்சேலெ. அப்போது அவருக்கு 24 வயது. இந்தப் பிளவை நான் முக்கியமான சான்றாக எடுத்துக்கொள்கிறேன். சுட்ட ரொட்டி இரண்டு சங்கத்திலும் ஒரே மாதிரிதான் இருந்திருக்கும். மிஞ்சும் பணத்தை என்ன செய்வது என்பதில்தான் பிரிந்தார்கள். அதாவது, பணம் மிஞ்சுவதற்கு முன்பே அதற்கான பதில் அவர்களிடம் இருந்தது.

வோரைட்டின் வியாபார முறை எளிமையானது. ஆனால் ஏழைக்கு அது எளிதானதில்லை. உறுப்பினர் முன்கூட்டியே காசு கொடுத்து ரொட்டி டோக்கன் வாங்கிக்கொள்வார். ரொட்டி வரும்போது டோக்கனைக் கொடுப்பார். கடன் கிடையாது. தெருமுனை ரொட்டிக்காரரோ நம் ஊர் மளிகைக்கடை நோட்டைப் போலப் பாக்கி எழுதிக்கொண்டு கொடுப்பார். ஆலை மூடிக் கிடக்கும் வாரங்களில் அந்த நோட்டு ஒரு குடும்பத்தைக் காப்பாற்றும். அதே நோட்டு அந்தக் குடும்பத்தை வேறெங்கும் போகவிடாமல் கட்டியும் போடும். கூட்டுறவில் விலையையும் அடிமட்டத்துக்கு இறக்கவில்லை. ஓரளவு விலைக்கு விற்று, கணக்கு முடித்தபின் மிஞ்சியதை வாங்கிய அளவுக்கேற்ப உறுப்பினருக்குத் திருப்பினார்கள். அதுவும் ரொக்கமாக அல்ல, வோரைட் கடைகளிலேயே செல்லும் சீட்டுகளாக. அதனால் ரொட்டியில் மிஞ்சிய காசு துணிக்கடைக்கும் நிலக்கரிக்கும் மருந்துக்கடைக்கும் போய்ச் சேர்ந்தது. சங்கம் ஒவ்வொன்றாகக் கிளை விட்டது. நோயுற்ற உறுப்பினருக்கு இலவச ரொட்டி, முதியவருக்கு உதவித்தொகை, 1884லிருந்து சொந்த நாளிதழ். இவற்றுக்கெல்லாம் பங்கீட்டுக்கு முன்பே ஒரு பகுதி பிடித்துவைக்கப்பட்டது. கூர்ந்து பார்த்தால், வோரைட் தன் உறுப்பினரிடம் தனிக்கடைக்காரர் கேட்காத மூன்றைக் கேட்டது: கைக்காசு, பொறுமை, நம்பிக்கை. மாவு விலை சரிந்து தெருமுனைக்காரர் இரண்டு காசு குறைத்து விற்கும் வாரத்தில் இந்த மூன்றும் ஆட்டம் காணும். எந்த நுகர்வோர் கூட்டுறவுக்கும் உயிர்நிலையான சிக்கல் இதுதான். விலை மலிவு என்பதற்காக மட்டும் வந்தவர், மலிவு வேறிடத்தில் கிடைத்தால் போய்விடுவார். அவரை நிறுத்திவைக்க விலையைத் தவிர வேறொன்று வேண்டும்.

அந்த வேறொன்று என்ன என்பதை வோரைட் சீக்கிரமே கண்டுகொண்டது. 1880களிலேயே நூல்சந்தைச் சதுக்கத்தில் அது பிடித்த இடத்தில் அடுப்பும் கடையும் மட்டும் இல்லை. காபிக்கடையும் கூட்ட மண்டபமும் கூடவே இருந்தன. ஆலையில் பகலெல்லாம் நின்றவர்கள் மாலையில் பித்தளை ஊதுகருவிகளைத் தூக்கி ஒத்திகை பார்த்தார்கள். பேண்டு வாத்தியக் குழுவும் பாடகர் குழுவும் நாடகக் குழுவும் உடற்பயிற்சிக் குழுவும் எழுந்தன. பாடகர் குழு ஒன்றுக்கு மார்க்ஸ் பெயர்; நாடகக் குழு ஒன்றுக்கு முல்தாதூலியின் பெயர். ஜாவாவின் காபி விவசாயிகளைக் காலனி ஆட்சி கசக்கிப் பிழிந்ததை 1860ல் நாவலாக எழுதி ஹாலந்தையே உலுக்கியவர் முல்தாதூலி. ரொட்டி வாங்குபவர்கள் தங்கள் நாடகக் குழுவுக்குத் தேர்ந்த பெயரே அவர்களுடைய படிப்பைக் காட்டுகிறது. ஊர்வலமானாலும், வேலைநிறுத்தமானாலும், உறுப்பினர் ஒருவரின் இறுதிச்சடங்கானாலும் பேண்டு முன்னே போனது. இதில் ஒரு நடைமுறைக் கணக்கும் உண்டு. சங்கத்தின் பொதுக்குழுவில் ஆண்கள் பேசலாம். எந்தக் கடை ரொட்டியை வாங்குவது என்பதைத் தினமும் தீர்மானித்தது வீட்டுப் பெண். ரொட்டி டோக்கன் கிடந்தது அவளுடைய கையில். பொதுக்குழுக் கூட்டம் அவளை எட்டவில்லை. ஞாயிற்றுக்கிழமை விழா எட்டியது; அதற்குக் குழந்தைகளோடு குடும்பமாக வரலாம், மகன் டிரம்பெட் ஊதுவதைப் பார்க்கலாம். மகன் ஊதும் சங்கத்தின் ரொட்டியை இரண்டு காசுக்காக மாற்றிக்கொள்வது கடினம். இதை எந்தப் பேரேட்டிலும் தனி வரியாக எழுத முடியாது. இருந்தாலும் பேரேட்டின் மற்ற வரிகள் அதன்மேல்தான் நின்றன.

இடம் என்பது எவ்வளவு பெரிய விஷயம் என்பதற்கு உலகறிந்த ஒரு பாட்டின் பிறப்பைப் பார்க்கலாம். ‘சர்வதேச கீதம்’ என்று நாம் சொல்லும் பாட்டுக்கு மெட்டமைத்த பியெர் டெகெய்ட்டர் 1848ல் இதே கெண்ட் நகரில் பிறந்தவர். பிழைப்புக்காகக் குடும்பம் எல்லை தாண்டி பிரான்சின் லீல் நகருக்குப் போனது. அவர் ஆலைத் தொழிலாளியாக வளர்ந்து, மாலை வகுப்புகளில் இசை கற்றார். எழேன் பொத்தியே 1871ல் எழுதிய வரிகளுக்கு 1888ல் மெட்டுப் போட்டார். அந்த ஆண்டு ஜூலையில் லீல் நகரின் தொழிலாளர் பாடகர் குழு அதை முதன்முதலாகப் பாடியது. அச்சான தாளில் முழுப் பெயரைப் போடாமல் குடும்பப் பெயரை மட்டும் போட்டார்கள், வேலை போகாமலிருக்க. அந்த முன்னெச்சரிக்கை பலிக்கவில்லை. போதாக்குறைக்கு, குடும்பப் பெயர் மட்டும் இருந்ததால் அவருடைய தம்பி மெட்டு தன்னுடையது என்று உரிமை கோரி, வழக்கு 1922 வரை இழுத்தது. அந்தப் பாடகர் குழு கூடிய இடம் ஒரு மதுக்கடை. ஐரோப்பாவின் தொழிலாளர் இசையெல்லாம் அன்று அப்படித்தான் இருந்தது. கடைக்காரர் முகம் சுளித்தால் ஒத்திகை நின்றுவிடும், போலீஸ்காரர் ஒரு வார்த்தை சொன்னால் கதவு சாத்தப்படும். கூட்டத்துக்கு இடம் கொடுத்தால் உரிமம் போய்விடும் என்று பயந்த கடைக்காரர்கள் எல்லா ஊரிலும் இருந்தார்கள். ரொட்டி விற்ற காசில் சொந்தக் கூரை போட்டவர்களுக்கு இந்தக் கவலை இல்லை. கூடவே இன்னொரு சுதந்திரமும் கிடைத்தது. மதுக்கடையில் கூடினால் குடித்தாக வேண்டும். பெல்ஜிய சோஷலிஸ்டுகள் ‘மக்கள் இல்லம்’ என்று பெயரிட்ட தங்கள் சொந்தக் கூடங்களில் பீர் ஊற்றினார்கள். ஜின் சாராயத்தை உள்ளே விடவில்லை. கெண்டைப் பார்த்து எல்லைக்கு அப்பால் ரூபே நகரத் தொழிலாளர்களும் 1885ல் ரொட்டிக் கூட்டுறவு தொடங்கினார்கள்; அங்கும் அடுப்பை ஒட்டி மண்டபம் வந்தது.

இதற்கு முதல் மறுப்பு எளிதில் வரும்: பாட்டும் கூத்தும் தூண்டில் புழு, சோஷலிசக் கட்சி தன் ஆட்களைப் பிடிக்க விரித்த வலை. மறுப்பதற்கில்லை. ஆன்சேலெ கூட்டுறவைப் போராட்டத்தின் ஆயுதக் கிடங்காகவே பார்த்தார், அதை ஒளித்ததும் இல்லை. 1886ல் படைவீரர்களின் தாய்மாருக்கு விடுத்த வேண்டுகோளுக்காகச் சிறை போனவர் அவர். ஆனால் ‘தூண்டில்’ என்று சொல்லி முடித்துவிட்டால் ஒன்று விளங்காமல் போகும். வோரைட்டை எதிர்ப்பதற்கென்றே கெண்ட் கத்தோலிக்கர்கள் சோஷலிச எதிர்ப்புத் தொழிலாளர் சங்கத்தை அமைத்தார்கள். ‘மக்கள்’ என்ற பெயரில் தங்களுக்கென ரொட்டிக் கூட்டுறவும் நாளிதழும் நடத்தினார்கள். தாராளவாதிகளும் சும்மா இருக்கவில்லை. எந்த அடுப்பில் வெந்த ரொட்டி என்பதை வைத்து ஒரு வீட்டின் கொள்கையைச் சொல்லிவிடலாம் என்ற நிலை வந்தது. கத்தோலிக்கர்கள் மலிவான ரொட்டியோடு நிறுத்திக்கொண்டார்களா என்றால் இல்லை; பேண்டும் நாடகமும் விழாவும் அங்கும் வந்தன. கொள்கையில் நேர்எதிராக நின்றவர்கள் நடைமுறையில் ஒரே முடிவுக்கு வந்திருக்கிறார்கள் என்றால், அந்த முடிவு கட்சிப் பிரச்சாரத்தின் தேவையிலிருந்து மட்டும் பிறந்திருக்க முடியாது. ரொட்டி மட்டும் ஆளை நிறுத்தாது என்பதை அவரவர் அடுப்பே அவரவருக்குச் சொல்லியிருக்கிறது. தவிர, தூண்டில் புழுவை மீன் தானே செய்வதில்லை. இங்கே ஊதியவரும் பாடியவரும் வேஷம் கட்டியவரும் உறுப்பினரே.

இரண்டாவது மறுப்பு இதைவிடக் கனமானது. குழந்தைக்கு வெண்ணெய் தடவக் காசில்லாத வீட்டின் பணத்தில் டிரம்பெட் வாங்குவது நியாயமா? உபரி முழுவதையும் உறுப்பினருக்குத் திருப்பியிருந்தால் அவர் தனக்குப் பிடித்ததைச் செய்துகொண்டிருப்பாரே? கூட்டுறவு வரலாற்றில் இது பழைய வழக்கு. 1844 டிசம்பரில் இங்கிலாந்தின் ராக்டேலில், தேரைச் சந்து என்று பொருள்படும் தெருவில், 28 பேர் சேர்ந்து 28 பவுண்டு முதலில் வெண்ணெய், சர்க்கரை, மாவு, ஓட்ஸ், மெழுகுவர்த்தி விற்கத் தொடங்கிய கடையே இன்றைய நுகர்வோர் கூட்டுறவுகளின் முன்னோடி. 1904ல் திருவல்லிக்கேணியில் தொடங்கிய நகரக் கூட்டுறவுச் சங்கமும் அந்த வழியில் வந்ததுதான். ராக்டேல்காரர்கள் கட்சி சார்பில்லாதவர்கள், கணக்கில் கறாரானவர்கள். அவர்களே 1850களிலிருந்து உபரியில் இரண்டரை சதவீதத்தைக் கல்விக்கு ஒதுக்கி, கடைக்கு மேலே வாசக சாலையும் நூலகமும் நடத்தினார்கள். அவர்களைப் பின்பற்றிய சங்கங்களில் பல, கடையையும் ஈவுத்தொகையையும் எடுத்துக்கொண்டு கல்வி ஒதுக்கீட்டை மட்டும் நைசாக விட்டுவிட்டன. ஈவு எங்கே அதிகம் என்று பார்த்துச் சேரும் உறுப்பினர்களைப் பற்றிய புலம்பல் அந்த இயக்கத்தின் எழுத்துகளில் ஓயாமல் கேட்கிறது. புலம்பியவர்கள் சும்மா இருக்கவில்லை. தேநீர் விருந்துகளும் பாடகர் குழுக்களும் நடத்தினார்கள். 1883ல் பெண்கள் கூட்டுறவுக் கழகம் அமைந்தது. 1888 முதல் லண்டன் கிரிஸ்டல் பேலஸில் நடந்த தேசியக் கூட்டுறவு விழாக்களில் நாடெங்கும் உள்ள சங்கங்களிலிருந்து வந்த ஆயிரக்கணக்கான குரல்கள் சேர்ந்து பாடின. ரொட்டிக் காசில் டிரம்பெட் வாங்கியதால் ஒரு வீட்டில் ஒரு நாள் வெண்ணெய் குறைந்திருக்கலாம். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்தக் காசு கைக்குத் திரும்பியிருந்தால் அந்த வீட்டுப் பையன் டிரம்பெட்டைத் தொட்டே இருக்க மாட்டான். ஒரு தொழிலாளி தனியாகச் சேர்த்து வாங்கக்கூடிய பொருள் அல்ல அது. சேர்ந்து வாங்கினால்தான் உண்டு. அரங்கம் அதைவிட.

செலவாளித்தனம்தான் வோரைட்டைக் கவிழ்த்தது என்று சிலர் சொல்வதும் வரலாற்றோடு ஒட்டவில்லை. 1913ல் ஆன்சேலெயின் இயக்கம் பெல்ஜியத் தொழிலாளர் வங்கியை நிறுவியது. முதல் உலகப் போருக்குப் பின் அந்த வங்கி பஞ்சாலைகளிலும் பிற தொழில்களிலும் பெரிய அளவில் பணம் போட்டது. தொழிலாளர்களின் பணமே ஆலைகளை வாங்கி முதலாளித்துவத்தை அதன் களத்திலேயே வெல்லும் என்பது கிழவரின் கனவு. உலகப் பெருமந்தம் வந்தது. 1934ல் வங்கி விழுந்தது. சிறுசேமிப்புகள் சிக்கிக்கொண்டன. அதாவது, சங்கத்துக்குப் பேரிழப்பைத் தந்தது ‘உற்பத்தி முதலீடு’ என்று எல்லாரும் மெச்சும் வகைச் செலவு. வீண்செலவு என்று ஏசப்பட்ட பாட்டுக்குழுக்கள் எந்த வங்கியையும் கவிழ்க்கவில்லை.

மூன்றாவது மறுப்பில் உண்மை கொஞ்சம் கூடுதலாகவே இருக்கிறது. அந்த அரங்கமும் அதன் கலைகளும் தொழிலாளர் தாமாகப் படைத்தவை அல்ல. மேட்டுக்குடி ரசனையின் மலிவுப் பதிப்பே என்கிறது அந்த மறுப்பு. கட்டடக் கலைஞர் ஃபெர்டினாண்ட் டீர்கென்ஸ் வடிவமைத்த மண்டபங்கள் ஓபரா அரங்குகளோடு போட்டி போடுகின்றன. கலை மனிதரை மேன்மைப்படுத்தும் என்று உள்ளே எழுதியும் வைத்தார்கள். அந்த வாசகத்தில் ஒரு வாத்தியார் தொனி இருக்கத்தான் செய்கிறது. பிரஸ்ஸல்ஸில் அது இன்னும் கூடுதல். அங்கே ரொட்டிக் கூட்டுறவின் மக்கள் இல்லத்துக்கு 1891லிருந்து கலைப்பிரிவு ஒன்று இருந்தது. எமில் வான்டர்வெல்ட போன்ற வழக்கறிஞர்களும் கவிஞர்களும் தொழிலாளருக்குச் சங்கீதத்தையும் ஓவியத்தையும் விளக்கினார்கள். விளக்கியவர்கள் பேசியது பிரெஞ்சில். கேட்டவர்களில் எத்தனை பேருக்கு அது வீட்டுமொழி என்பது வேறு கேள்வி. 1899ல் விக்டர் ஓர்ட்டா அவர்களுக்குக் கட்டிக்கொடுத்த மாளிகை இரும்பும் கண்ணாடியுமாக எழுந்தது. திறப்புக்கு பிரெஞ்சு சோஷலிஸ்டுத் தலைவர் ழான் ழோரெஸ் வந்தார். கீழே கடையும் காபிக்கூடமும். உச்சித் தளத்தில் விழா மண்டபம். தொழிலாளிக்குத் தன் குடியிருப்பில் கிடைக்காத காற்றையும் வெளிச்சத்தையுமே ஆடம்பரமாகத் தர நினைத்தார் ஓர்ட்டா. மேலிருந்து இறங்கிய போதனையை நான் தனியாக வைத்துப் பார்க்கிறேன். அது இருந்தது, ஆனால் கெண்டின் பேண்டையும் பாடகர் குழுவையும் அது உண்டாக்கவில்லை. அவை அதற்கு முந்தியவை, வேறு இடத்திலிருந்து வந்தவை. இரவல் ரசனை என்ற குற்றச்சாட்டைப் பொறுத்தவரை, ஆலை முதலாளி கேட்ட அதே இசையைத் தானும் வாசிக்க முடியும் என்று ஒரு நெசவாளி காட்டுவதில் அடிமைத்தனத்தைவிடத் திமிரே அதிகம் என்று எனக்குப் படுகிறது. நல்லதெல்லாம் அவர்களுடையது, நமக்கு நாட்டுப்புறம் போதும் என்று யாராவது அவர்களிடம் சொல்லியிருந்தால் சிரித்திருப்பார்கள்.

இத்தனைக்கும் பிறகு ஒரு கேள்வி மிச்சமிருக்கிறது. ரொட்டியும் இசையும் அப்படிப் பின்னிக் கிடந்தன என்றால், ஒன்று போன பிறகு மற்றது எப்படி நிற்கிறது? இரண்டு உலகப் போர்களிலும் ஜெர்மானியப் படை அந்த அரங்கத்தைப் பிடித்துக்கொண்டது. இரண்டாம் போருக்குப் பின் சூப்பர் மார்க்கெட் வந்தது, தொலைக்காட்சி வந்தது, கூலி உயர்ந்தது. ரொட்டி குடும்பச் செலவில் சிறுத்துப் போயிற்று. கூட்டுறவு தேய்ந்தது. 1970களில் அரங்கம் பாழடைந்து கிடந்தது. பிரஸ்ஸல்ஸில் ஓர்ட்டாவின் மாளிகையை 1965ல் இடித்தே விட்டார்கள். கெண்டில் 1982ல் புதிய தலைமுறை ஒன்று உள்ளே புகுந்து கலை மையம் தொடங்கியது. அடுத்த ஆண்டு அரசு அதைப் பாதுகாக்கப்பட்ட சின்னமாக அறிவித்தது. 2000க்குள் பழுதுபார்ப்பு முடிந்து கட்டடம் பழைய பொலிவுக்கு வந்தது. இன்று அங்கே நடக்கும் கச்சேரிகளும் நடனங்களும் தரமானவை. ஆனால் அவை வேறு கணக்கில் நடக்கின்றன: நுழைவுச்சீட்டும் அரசு மானியமும். பார்வையாளர் சீட்டு வாங்கி வருகிறார், பார்க்கிறார், போகிறார். மேடையில் இருப்பவர் வெளியூர்க் கலைஞர். பின்னல் அறுந்தால் என்ன ஆகும் என்பதைத்தான் இது காட்டுகிறது. கலை சாகவில்லை. கலை செய்பவரும் ரொட்டி வாங்குபவரும் ஒரே ஆள் என்ற நிலைதான் போனது. கூட்டுறவின் பெயரையும் கலை மையம் இப்போது தாங்கவில்லை. 2021ல் ஃபிளாண்டர்ஸின் சோஷலிசக் கட்சி தன் பழைய பெயரைக் கைவிட்டு வோரைட் என்று தனக்குப் பெயர் சூட்டிக்கொண்டது. கலை மையத்தைக் கட்சி அலுவலகம் என்று ஜனங்கள் நினைத்துவிடக் கூடாதென்று, 2022ல் மையம் வேறு பெயருக்கு மாறியது. இணையத்தில் தேடிய பக்கம் கிடைக்காதபோது திரையில் வருமே, அந்த நான்கு–பூஜ்யம்–நான்கு, அதுதான் புதுப் பெயர்.